சிப்பைத் தேடுமுன் எழுத்தைக் காப்போம்: பழைய புளொப்பித் தட்டுக்களும் அவற்றை வாசிக்கும் பொறிகளும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் றங்குப் பெட்டிகளில் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சி ஆகியவற்றோடு சில வேளைகளில் கறுப்பு அல்லது நீல நிறச் சதுரத் தட்டு ஒன்றும் இருப்பதுண்டு. கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், நிவாரண அலுவலகங்கள், நொத்தாரிசுமாரின் கந்தோர்கள் ஆகியவற்றின் அலுமாரிகளிலும் இத்தகைய தட்டுக்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கலாம். இவையே புளொப்பித் தட்டுக்கள். 1980களிலும் 1990களிலும் கணனியில் தட்டெழுதிய விடயங்கள் பெரும்பாலும் இவற்றில்தான் சேமிக்கப்பட்டன.

மண்வெட்டி பிடிக்கும் எமக்கும் கணனிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1977இலும் 1983இலும் மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியவையும் அதைச் சூழ்ந்த வயல்களையும் விட்டெழுந்தவர்கள், கொத்மலைப் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்தவர்கள், போரினால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் என எத்தனையோ குடும்பங்களின் பெயர்கள் ஒரு காலத்தில் பட்டியல்களாக எழுதப்பட்டன. எந்தக் கிராமம், எத்தனை பேர், எத்தனை ஏக்கர், உறுதி இலக்கம் என்ன, அழிந்த வீடும் மாடும் எத்தனை என்றெல்லாம் அலுவலர்கள் கேட்டு எழுதினார்கள். கடதாசிப் பிரதிகள் மழையிலும் கறையானிலும் அலைச்சலிலும் போயின. கணனியில் ஏற்றப்பட்டவற்றுள் சில தட்டுக்களில் இன்னும் இருக்கக்கூடும்.

ஆனால் தட்டு கையில் இருந்தும் அதை வாசிக்கும் பொறி இல்லை. சோனி கொம்பனி 2011ஆம் ஆண்டுடன் புளொப்பித் தட்டு விற்பனையை நிறுத்தியது. இன்று விற்பனைக்கு வரும் கணனிகளில் இத்தட்டுக்கு இடமில்லை. பழைய கணனி ஒன்று கிடைத்தாலும் அது வேலை செய்வதில்லை. “இதன் சிப் போய்விட்டது, அது இப்போது கிடைக்காது” என்று கடைக்காரர் கூறியதும் தட்டைக் குப்பையில் போட்டுவிடுகின்றோம். அந்தச் சிப் என்பது யாது, அது உண்மையாகவே பழுதா என்று அறிவது எப்படி, பழுதானால் எங்கே தேடுவது, அதற்கு முன் செய்யவேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

தட்டு, ட்ரைவ், சிப்

புளொப்பித் தட்டின் உறைக்குள் மெல்லிய வட்டமான பிளாஸ்ரிக் தாள் ஒன்று இருக்கின்றது. அதன்மேல் காந்தத் தன்மையுள்ள பூச்சு உண்டு. எழுத்துக்கள் அப்பூச்சில் காந்தக் குறிகளாகப் பதிகின்றன. ஐ.பி.எம். கொம்பனி 1971இல் எட்டு அங்குலத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976இல் ஐந்தேகால் அங்குலத் தட்டு வந்தது. 1980களில் கெட்டியான பிளாஸ்ரிக் உறையுள்ள மூன்றரை அங்குலத் தட்டு பரவியது. எமது பகுதிகளில் காணப்படுபவை பெரும்பாலும் பின்னைய இரண்டு வகைகளே.

தட்டை ஒரு வயலாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் வட்ட வட்டமாக வரம்புகள் உண்டு. ஒவ்வொரு வட்டமும் பாத்திகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சாதாரண மூன்றரை அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 80 வட்டங்கள், வட்டத்துக்கு 18 பாத்திகள், பாத்திக்கு 512 எழுத்துக்கள். இரு பக்கங்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 14 இலட்சத்து 74 ஆயிரத்து 560 எழுத்துக்கள் வரும். பக்கத்துக்கு 2,000 எழுத்துக்கள் என்று வைத்தால் இது 700 பக்கங்களுக்கு மேல். ஒரு கிராமத்தின் முழுக் குடும்பப் பதிவும் ஒரே தட்டில் அடங்கிவிடும்.

தட்டைச் சுழற்றும் மோட்டரும், அதைத் தொட்டு வாசிக்கும் தலையும் உள்ள பெட்டிக்கு ட்ரைவ் என்று பெயர். ட்ரைவ் கூலியாளைப் போன்றது. எந்த வட்டத்துக்குப் போவது, எந்தப் பாத்தியை வாசிப்பது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது கொன்ட்ரோலர் சிப். நீர்ப்பாசனத்தில் எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று வட்டவிதானை முறை வைப்பது போல, இந்தச் சிப் தலையை உரிய வட்டத்துக்கு நகர்த்துகின்றது. பாத்தியின் முகவரியைப் பார்த்து உறுதி செய்கின்றது. காந்தக் குறிகளை எழுத்துக்களாக மாற்றிக் கணனிக்குக் கொடுக்கின்றது. ஒவ்வொரு பாத்தியின் முடிவிலும் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. அது பிசகினால் வாசிப்பில் பிழை என்று அறிவிக்கின்றது.

வெஸ்டேர்ண் டிஜிட்டல் கொம்பனி 1976இல் 1771 என்ற சிப்பை வெளியிட்டது. அதன் வழியில் 1791, 1793, 1795, 1797 என்பனவும், பின்னர் 1770, 1772 என்பனவும் வந்தன. ஜப்பானின் என்.ஈ.சி. கொம்பனியின் 765 என்ற சிப்பை 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணனி பயன்படுத்தியது. அதைப் பின்பற்றிய கணனிகள் எல்லாம் அதையோ அதன் வழிவந்த சிப்பையோ பயன்படுத்தின. பின்னாளில் இந்த வேலை வேறு பல வேலைகளோடு சேர்த்து ஒரே பெரிய சிப்பில் அடக்கப்பட்டது.

முதலில் தட்டைக் காப்பாற்றுங்கள்

சிப் பழுதானால் இன்னொரு சிப் கிடைக்கும். தட்டிலுள்ள எழுத்து அழிந்தால் அது மீளக் கிடைக்காது. ஆகவே பொறியைத் திருத்துவதற்கு முன் தட்டைப் பற்றிய இந்த நான்கு விடயங்களையும் கவனிக்கவேண்டும்.

முதலாவது, தட்டில் புதிதாக எதுவும் எழுதப்படாதவாறு பூட்டுங்கள். மூன்றரை அங்குலத் தட்டின் மூலையில் நகரும் சிறு கட்டை ஒன்று உண்டு. அதை நகர்த்தித் துளை வழியே வெளிச்சம் தெரியும்படி விட்டால் பூட்டியதாகும். ஐந்தேகால் அங்குலத் தட்டில் இதற்கு நேர்மாறு. அதன் ஓரத்திலுள்ள வெட்டை வெளிச்சம் புகாத ஒட்டுத்தாளால் மூடவேண்டும்.

இரண்டாவது, பூஞ்சணம் பிடித்திருக்கின்றதா என்று பாருங்கள். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பகுதிகளின் ஈரத்தில் இது பெருங்கேடு. மூன்றரை அங்குலத் தட்டின் உலோகக் கதவை மெதுவாக விலக்கினால் உள்ளே தாள் தெரியும். அது வழுவழுப்பாகவும் ஒரே கரு நிறமாகவும் இருக்கவேண்டும். சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தால் எந்தப் பொறியிலும் போடவேண்டாம். பூஞ்சணம் தலையில் ஒட்டி இந்தத் தட்டையும் சுரண்டும், அடுத்து வரும் நல்ல தட்டையும் சுரண்டும். அனுபவமுள்ளவர் சுத்தம் செய்தபின்பே அதை வாசிக்கலாம்.

மூன்றாவது, வெயிலிலும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலும், காந்தம் உள்ள இடத்திலும் தட்டை வைக்காதீர்கள். தாளை விரலால் தொடாதீர்கள்.

நான்காவது, மிக முக்கியமானது. கணனியில் போட்டதும் “இத்தட்டு ஒழுங்குபடுத்தப்படவில்லை, ஃபோர்மற் செய்யவா?” என்று திரையில் கேள்வி வரலாம். இல்லை என்றே பதில் சொல்லுங்கள். ஆம் என்றால் பழையது அழிந்துபோகும். தட்டு வேறு வகைக் கணனியில் எழுதப்பட்டிருந்தாலும், ட்ரைவ் பழுதாயிருந்தாலும் இதே கேள்விதான் வரும்.

பழைய கணனி இல்லாமலே வாசிக்கும் வழிகள்

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கூடுதலான தட்டுக்களை வாசிக்கப் பழைய கணனியோ பழைய சிப்போ தேவையில்லை.

மூன்றரை அங்குலத் தட்டாகவும் ஐ.பி.எம். வகைக் கணனியில் எழுதப்பட்டதாகவும் இருந்தால், யூ.எஸ்.பி. வயர் கொண்ட சிறிய வெளி ட்ரைவ் ஒன்று போதும். அதற்குள்ளேயே அதற்குரிய கொன்ட்ரோலர் உண்டு. இன்றைய மடிக்கணனியில் செருகி வாசிக்கலாம். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா போன்ற கணனிக் கடைத்தொகுதிகளில் விசாரிக்கலாம். ஒருவர் வாங்கினால் பத்துச் சங்கங்கள் பயன்படுத்தலாம். ஆனால் இது ஐந்தேகால் அங்குலத் தட்டை வாசிக்காது. வேற்று வகைக் கணனிகளின் தட்டையும் வாசிக்காது.

அவற்றுக்கு இரண்டாவது வழி உண்டு. ‘கிறீஸ்வீசல்’ என்ற சிறிய மின்சுற்றுப் பலகை பழைய ட்ரைவுக்கும் இன்றைய கணனிக்கும் நடுவே பொருத்தப்படுகின்றது. இது கொன்ட்ரோலர் சிப்பைப் போல எழுத்துக்களை உடனே பிரிப்பதில்லை. காந்தக் குறிகள் எந்தெந்த நேர இடைவெளியில் வருகின்றனவோ அவற்றை அப்படியே படம் பிடித்ததுபோல் பதிவு செய்கின்றது. பிரிக்கும் வேலையைப் பின்னர் மென்பொருள் செய்கின்றது. ஆகவே எந்தக் கொம்பனியின் கணனியில் எழுதிய தட்டு என்பது பெரும்பாலும் தடையாவதில்லை. நலிந்த தட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றாமல், ஒரு முறை பதிவு செய்த பிரதியை வைத்துக்கொண்டே ஆறுதலாக முயன்று பார்க்கலாம். இலத்திரனியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது கடினமான வேலையல்ல. பேராதனையிலோ வேறெங்கோ படிக்கும் பிள்ளைகள் கிராமத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

பழைய பொறியே வேண்டும் என்ற நிலை

அப்படியானால் பழைய பொறியை ஏன் திருத்தவேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. ட்ரைவின் தலை சற்று விலகியிருந்த நிலையில் எழுதப்பட்ட தட்டை வேறு ட்ரைவ் சரியாக வாசிக்காது. எழுதிய ட்ரைவே அதை வாசிக்கும். இது முதற்காரணம். அந்தப் பழைய கணனியில் மட்டும் இயங்கும் நிரலால் அமைக்கப்பட்ட கோவைகளை அங்கேதான் ஒழுங்காகத் திறந்து அச்சிட முடியும் என்பது இரண்டாவது. ஆகவே தட்டுக்களோடு பழைய கணனியும் ஒரு மூலையில் இருக்குமானால் அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பழுது எங்கே என்று காண்பது

கணனி தட்டை வாசிக்கவில்லை என்றதும் சிப்பின்மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் அசைவும் தேய்வும் உள்ள பாகங்களே முதலில் பழுதாகும். அசையாத சிப் கடைசியில் சந்தேகிக்க வேண்டியது. திருத்துநரிடம் கொடுக்கும்போது இந்த ஒழுங்கில் பார்க்கும்படி கேளுங்கள்.

1. மின் வழங்கி: நெடுங்காலம் கிடந்த கணனியை நேரே மின்சாரத்தில் போடவேண்டாம். மின் வழங்கியில் உள்ள கொள்ளளவிகள் வெடித்துப் புகையலாம். 5 வோல்ற்றும் 12 வோல்ற்றும் சரியாக வருகின்றனவா என்று முதலில் அளக்கவேண்டும். இது பழகியவர் செய்யும் வேலை. மின் வழங்கியின் பெட்டியை வீட்டில் கழற்ற வேண்டாம்; வயரைப் பிடுங்கிய பின்பும் உள்ளே உயிராபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

2. பற்றரி: தாய்ப்பலகையில் உள்ள சிறு பற்றரி கசிந்து செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருக்கலாம். முதலில் அதை அகற்றிச் சுத்தம் செய்யவேண்டும்.

3. பட்டி வயர்: ட்ரைவுக்குச் செல்லும் 34 கம்பிப் பட்டி வயர் தலைகீழாகச் செருகப்பட்டால் ட்ரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அது பழுதல்ல, வயரைத் திருப்பினால் சரி.

4. மோட்டரும் பட்டியும்: பழைய ட்ரைவ்கள் சிலவற்றில் இறப்பர்ப் பட்டியே தட்டைச் சுழற்றுகின்றது. அது நெகிழ்ந்தால் அல்லது பிசினாக உருகினால் வேகம் தவறும். மூன்றரை அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலவேண்டும். தலை நகரும் தண்டில் கிறீஸ் காய்ந்து இறுகியிருந்தாலும் வாசிக்காது.

5. தலை: சுத்தமான ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் துடைக்கவேண்டும். மேல் தலையைத் தூக்கி வளைத்தல் கூடாது.

6. மாற்றிப் பார்த்தல்: நன்றாக இயங்கும் வேறொரு ட்ரைவையும் வேறொரு வயரையும் போட்டுப் பார்க்கவேண்டும். அப்போதும் அதே பழுது என்றால்தான் கொன்ட்ரோலர் பக்கம் சந்தேகம் திரும்பவேண்டும்.

இச்சோதனைகளுக்கெல்லாம் பெறுமதியற்ற வேறு தட்டு ஒன்றையே பயன்படுத்த வேண்டும். குடும்பப் பதிவு உள்ள தட்டைச் சோதனைத் தட்டாக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பெரிய சிப்புக்கும் பட்டி வயருக்கும் இடையில் சில சிறிய சிப்புக்கள் காவலாளிகள்போல நிற்கின்றன. 7406, 7438 போன்ற இலக்கங்கள் அவற்றில் இருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைக் கழற்றிச் செருகினால் அடிபடுவது பெரும்பாலும் இவையே. இவை இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. பெரிய சிப்பைத் தேடி அலைவதற்கு முன் இவற்றை மாற்றிப் பார்ப்பது புத்தி.

சிப் உண்மையாகவே பழுதானால்

ஐ.பி.எம். வகையின் பழைய கணனிகளில் கொன்ட்ரோலர் பெரும்பாலும் தனி அட்டையில் இருக்கும். அப்படியானால் சிப்பைத் தேடுவதை விட முழு அட்டையையும் தேடுவது இலகு. பழைய இரும்புக் கடைகளிலும் பாடசாலைகளின் களஞ்சியங்களிலும் கழிக்கப்பட்ட கணனிகள் கிடக்கலாம். அதே வகை அட்டையைக் கழற்றிப் பொருத்தினால் ஈயம் பற்றவைக்கும் வேலையே இல்லை.

சிப்பையே மாற்றவேண்டும் என்றால் மேலே அச்சிட்ட இலக்கத்தை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கொம்பனியின் சிப்பை வேறு கொம்பனிகளும் செய்தன. என்.ஈ.சி. 765க்குப் பதிலாக இன்டெல் 8272ஐப் பொருத்தலாம். இரண்டுக்கும் 40 கால்கள். வெஸ்டேர்ண் டிஜிட்டல் வகையில் இன்னும் கவனம் தேவை. 1791உம் 1793உம் தோற்றத்தில் ஒன்றே. ஆனால் ஒன்று தரவை நேராகவும் மற்றது தலைகீழாகவும் அனுப்புகின்றது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் வேலை செய்யாது. 28 கால்களுள்ள 1770உம் 1772உம் கால் ஒழுங்கில் ஒன்றே. ஆயினும் தலையை நகர்த்தும் வேகத்தில் வேறுபடும். பழையவை சில 5 வோல்ற்றோடு 12 வோல்ற்றும் கேட்கும். 1771 அதற்கு மேலாக எதிர் 5 வோல்ற்றும் கேட்கும். கால் எண்ணிக்கை பொருந்துகின்றது என்பதற்காக எதையும் செருகிவிடக் கூடாது.

எங்கே தேடுவது? கண்டி நகரில் றேடியோ, ரீவி திருத்தும் பழைய கடைகளின் லாச்சிகளில் முதலில் விசாரிக்கலாம். பெரிய சிப் இல்லாவிட்டாலும் சிறியவை கிடைக்கக்கூடும். அடுத்தது கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகள். இந்தியாவுக்குப் போகும் உறவினர் இருந்தால் சென்னை ரிச்சி தெருவில் கேட்கச் சொல்லலாம். இணையம் வழியாக வாங்கும் பழைய சிப்புக்கள் பல சீனாவின் சென்சென் நகரச் சந்தைகளிலிருந்து வருகின்றன. அவற்றுள் கணிசமானவை உடைத்த கணனிகளிலிருந்து கழற்றப்பட்டவை. கழற்றியது என்பதால் மட்டும் அது கூடாதது அல்ல. நல்லதாக இருந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

போலியைக் கண்டறிதல்

விதை நெல் வாங்கும்போது பதரைப் பார்ப்பது போலவே சிப்பிலும் பார்க்கவேண்டும். மலிவான வேறொரு சிப்பின் மேற்பரப்பைத் தேய்த்து, அரிதான இலக்கத்தைப் புதிதாக அச்சிட்டு விற்பவர்கள் உள்ளனர். சில அடையாளங்களைச் சொல்கின்றோம்.

சிப்பின் மேல் நான்கு இலக்கத் தேதிக் குறி ஒன்று இருக்கும். 8732 என்றால் 1987ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்யப்பட்டது என்று பொருள். 1980களின் சிப் ஒன்றில் 2015ஆம் ஆண்டுக் குறி இருந்தால் சந்தேகியுங்கள். மேற்பரப்பில் தேய்த்த கீறல்கள், எழுத்துக்களின் கோணல், அற்ககோலால் துடைத்ததும் அழியும் மை, புதிது என்று சொன்னபோதும் கால்களில் ஈயம் ஒட்டியிருத்தல் ஆகியவையும் குறிகளே. இயலுமானால் சோதித்துப் பார்த்த பின்பே பணம் கொடுப்பதாகப் பேசுங்கள். தூரத்திலிருந்து வருவிப்பதாயின் இரண்டாக வாங்குவது நல்லது.

பொருத்தும் திருத்துநர் அறிந்திருக்கவேண்டியது இது. பழைய சிப்பை முழுதாகக் கழற்ற முயன்றால் பலகையின் செம்புக் கோடுகள் பிய்ந்துவிடும். அது செத்த சிப் என்று உறுதியானால் கால்களை ஒவ்வொன்றாக வெட்டி, பின்னர் ஒவ்வொரு காலாக உருக்கி எடுப்பதே பலகைக்குப் பாதுகாப்பு. அவ்விடத்தில் சொக்கற் ஒன்றைப் பற்றவைத்து, சிப்பை அதில் செருகவேண்டும். அடுத்த முறை மாற்ற இலகுவாக இருக்கும். சிப்பின் ஒரு முனையில் உள்ள பிறைவெட்டுப் பலகையின் அடையாளத்தோடு ஒத்திருக்கவேண்டும். தலைகீழாகச் செருகி மின்சாரம் கொடுத்தால் தேடிக் கொண்டுவந்த சிப் அந்தக் கணமே போய்விடும்.

வாசித்த பின் வரும் சிக்கல்

தட்டு வாசிக்கப்பட்டதும் திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த புரியாத வரிகளே வரும். தட்டு கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். அக்காலத்தில் தமிழுக்குப் பொதுவான கணனிக் குறியீடு வழக்கத்தில் இல்லை. எமது நாட்டில் பரவலாக வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில விசைகளின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றியிருந்தன. அதே எழுத்துருவைப் போட்டால் தமிழ் தெரியும். அதன்பின் மாற்றி நிரல் ஒன்றினால் யூனிக்கோட் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். டிபேஸ், லோட்டஸ், வேர்ட்பெர்ஃபெக்ட் ஆகியவற்றில் செய்த பட்டியல்கள் பலவற்றை, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் இன்றும் திறக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இடம்பெயர்ந்தோர் பட்டியலில் பெயர், வயது, கிராமம், உறவினர் விபரம் எல்லாம் இருக்கும். அது பிறர் கையில் அகப்படுவது சிலருக்கு ஆபத்தாகலாம். தட்டைக் கடையில் விட்டுவிட்டு வரவேண்டாம். சங்கத்தின் நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்து, பிரதி எடுத்து முடிந்ததும் கடைக்காரரின் கணனியில் உள்ளதை அழிப்பித்து வரவேண்டும்.

அச்சுப் பிரதியின் பெறுமதி என்ன?

இதில் வாசகர்கள் தெளிவாக இருக்கவேண்டும். புளொப்பியிலிருந்து அச்சிட்ட தாள் காணி உறுதி ஆகாது. அதைக் காட்டிக் காணி கேட்க முடியாது. ஆனால் அத்தாளில் உறுதி இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர், நில அளவைப் படத்தின் இலக்கம் ஆகியவை இருந்தால் அவை திறவுகோல் போன்றவை.

நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படவேண்டும் என்பது சட்டம். இலக்கமும் தேதியும் தெரிந்தால் அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். இலக்கம் தெரியாவிட்டால் பெருந்தொகைப் பதிவேடுகளுக்குள் தேடவேண்டியிருக்கும். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் விபரம் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் இருக்கும். அங்கும் இலக்கம் இருந்தால் வேலை விரைவாகும். போர்க்காலத்தில் அரச பதிவேடுகளே அழிந்த இடங்களில், அக்காலத்தில் எழுதிய குடும்பப் பட்டியல் “இவர்கள் இங்கே வாழ்ந்தார்கள், இதைப் பயிரிட்டார்கள்” என்பதற்கு ஒரு துணைச் சான்றாகலாம். கணனிப் பதிவுகளை நிபந்தனைகளுடன் நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளிக்கின்றது. அதற்காகத் தட்டு யாரிடம் இருந்தது, எப்போது யாரால் வாசிக்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். மூலத் தட்டையும் எறிந்துவிடாதீர்கள். மேற்கொண்டு சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

ஒரே பிரதியை நம்புதல் ஆகாது

பழைய தட்டில் தங்கியிருந்தவர்கள் நாம் மட்டுமல்லர். அமெரிக்க விமானப்படை தனது அணு ஆயுதக் கட்டளை அமைப்பில் எட்டு அங்குலத் தட்டுக்களை 2019 வரை பயன்படுத்தியது. அரசாங்கத்துக்கு ஆவணங்களைப் புளொப்பியில் கொடுக்கவேண்டும் என்று கூறிய விதிகளை ஜப்பான் 2024இல்தான் ஏறத்தாழ முற்றாக நீக்கி முடித்தது. இங்கிலாந்தில் 1086இல் நாடெங்கும் நிலங்களைக் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய பதிவேட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பி.பி.சி. நிறுவனம் லேசர்த் தட்டுக்களில் தயாரித்த புதிய பதிவேட்டை வாசிக்கும் பொறிகள் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அரிதாகிவிட்டன. அதைக் காப்பாற்றப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடுபடவேண்டியிருந்தது.

எமது முன்னோர் இதை அறிந்திருந்தனர். கண்டி இராச்சியத்தில் நிலங்களையும் அவற்றுக்குரிய சேவைகளையும் ‘லேகம் மிட்டி’ என்ற ஓலைப் பதிவேடுகளில் எழுதினார்கள். ஓலை நைந்துபோகும் என்பதால் பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது எமது நாட்டுத் தமிழர், சிங்களவர் இருவரிடமும் இருந்த வழக்கம். பெயர்த்தெழுதாத ஏடு செல்லரித்து அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அடியோடு போயின. புளொப்பியும் ஓர் ஏடுதான். இன்று நாம் மாற்றிக்கொள்ளும் பென் ட்ரைவும் ஓர் ஏடுதான். அதையும் ஐந்தாறு ஆண்டுகளுக்கொரு முறை பெயர்த்தெழுதவேண்டும்.

ஆகவே வாசித்து எடுத்ததை மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று கடதாசியில் அச்சிட்டு சங்கத்தின் கோவையில். இரண்டாவது கணனிப் பிரதியாக வேறொரு கிராமத்தில் அல்லது நகரத்தில் உள்ள நம்பிக்கையான இடத்தில். மூன்றாவது அந்தந்தக் குடும்பத்துக்குரிய பக்கத்தை அந்தந்தக் குடும்பத்தின் கையில். தங்கள் பெயர் எந்தப் பட்டியலில் எப்படி எழுதப்பட்டது என்பதை அறிவது அவர்களின் உரிமை.

சங்கங்கள் உடனே செய்யக்கூடியவை

1. அலுமாரிகளிலும் பெட்டிகளிலும் உள்ள தட்டுக்களைச் சேர்த்து, மேலே எழுதியுள்ள பெயர்களை ஒரு கொப்பியில் பதிவு செய்யுங்கள்.

2. எல்லாவற்றையும் எழுத முடியாதபடி பூட்டி, பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியாக வைத்து, காற்றுப்புகாத டப்பாவில் ஈரமில்லாமல் பாதுகாருங்கள்.

3. மூன்றரை அங்குலத் தட்டுக்களை யூ.எஸ்.பி. ட்ரைவில் முதலில் வாசித்துப் பாருங்கள். முடியாதவற்றை மட்டும் அடுத்த வழிக்கு ஒதுக்குங்கள்.

4. பழைய கணனி இருந்தால் காயவைத்து மூடி வையுங்கள். அறிந்தவர் பார்க்கும்வரை மின்சாரம் கொடுக்கவேண்டாம்.

5. சிப் பழுது என்று எவராவது சொன்னால், ட்ரைவையும் வயரையும் சிறிய சிப்புக்களையும் மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்த்தபின்பும் சிப்தான் பழுது என்றால் இலக்கத்தை எழுதி வாங்கித் தேடுங்கள்.

6. வாசித்தவற்றை அச்சிட்டுக் குடும்பங்களுக்குக் கொடுங்கள்.

தட்டின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிந்துகொண்டே போகின்றது. பழைய ட்ரைவைத் திருத்தத் தெரிந்தவர்களும் வயதாகிக்கொண்டு போகின்றார்கள். இந்த வேலையை அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போடாமல், வரும் சங்கக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசுங்கள்.